கருவூர்ப் பட்டவர்த்தனமும் மடத்துக்குளத்துச் சின்னத்தம்பியும்



கொங்கு நாட்டில் தேவாரத் திருப்பாடல் பெற்ற தலங்கள் ஏழு. 'கொங்கேழ் தலங்கள்' என்று சான்றோர் அவற்றைப் போற்றுவர். அவற்றுள் திருப்புக்கொளியூர் அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் நம் திருப்பூருக்கு அண்டை வீடுகள் போன்றவை. ஆன்பொருநைக் கரையில் விளங்கும் கருவூர் ஆனிலையும் அவ்வேழனுள் ஒன்று. நாயன்மார் வரலாற்றில் ஒரு யானையின் பொருட்டுப் பெரியதொரு வழக்கு எழுந்ததும், அதற்கு அரசன் ஒருவன் தன் கழுத்தையே விலையாக நீட்டித் தீர்ப்புரைத்ததும் அந்தக் கருவூரில்தான். அவ்வரலாற்றைத் துணையாகக் கொண்டு, யானையின் அறிவையும், அதனைப் பழக்கி நம் விருப்பப்படி ஆட்டுவிக்கும் செயலின் அறத்தையும் இவ்விழா நாளில் சிந்திப்போம்.

விழா என்றவுடன் நம் நினைவில் முதலில் நிற்பது யானை. நெற்றிப்பட்டமும் முகபடாமும் அணிந்து, கழுத்து மணி ஒலிக்க அது முன்னே நடந்தால்தான் திருவுலாவுக்கே ஒரு பொலிவு என்று எண்ணுகிறோம். துதிக்கையில் ஒரு காசை வைக்கிறோம். அது காசைப் பாகரிடம் கொடுத்துவிட்டு நம் தலையைத் தொடுகிறது. குழந்தைகள் கைகொட்டி மகிழ்கின்றனர். நாமும் வாழ்த்துப் பெற்றோம் என்று அகமகிழ்ந்து செல்கிறோம். அந்தச் செயலை அதற்குக் கற்பித்தவர் யார், எவ்வாறு கற்பித்தார், கற்றதற்கு அது கொடுத்த விலை என்ன என்று ஒரு நாளேனும் எண்ணியது உண்டா? எண்ணுவது நம் கடன்.

முதலில் கருவூர் வரலாற்றைக் காண்போம். சிவகாமியாண்டார் என்னும் அடியவர் நாள்தோறும் மலர் கொய்து ஆனிலைப் பெருமானுக்குச் சாத்தும் தொண்டினர்; முதுமை எய்தியவர். மகாநவமிக்கு முன்னாள் அவர் பூக்கூடை தாங்கிய தண்டுடன் வருகையில், புகழ்ச்சோழ மன்னரின் பட்டத்து யானையாகிய பட்டவர்த்தனம் ஆற்றில் நீராடிவிட்டு அவ்வழியே வந்தது. மதம் மிக்க அவ்வேழம் பூக்கூடையைப் பறித்து மலர்களைச் சிந்தியது. முதியவர் தொடர்ந்து ஓட இயலாமல் நிலத்தில் வீழ்ந்து ஓலமிட்டார். அங்கு வந்த எறிபத்த நாயனார் கை மழுவால் யானையின் துதிக்கையைத் துணித்தார். உடன் வந்த குத்துக்கோலர் மூவரையும், மேலிருந்த பாகர் இருவரையும் வீழ்த்தினார்.

செய்தி கேட்ட புகழ்ச்சோழர் சினத்தோடு படை திரட்டி வந்தார். வந்தவர் கண்டது பகைவனை அன்று, சிவனடியார் ஒருவரை. பிழை நிகழாமல் அடியார் இது செய்யார் என்று தெளிந்து, நடந்ததைக் கேட்டறிந்தார். பின்பு அம்மன்னர் சொன்னதுதான் நாம் நெஞ்சில் பொறிக்க வேண்டியது. யானையையும் பாகரையும் கொன்றது இக்குற்றத்துக்குப் போதாது; யானைக்கு உடையவனாகிய என்னையும் கொல்ல வேண்டும் என்று கூறித் தம் உடைவாளை எடுத்து நீட்டினார். எறிபத்தர் நடுங்கினார். இத்தகைய அன்பருக்கோ துயர் விளைத்தேன் என்று அவ்வாளால் தம் கழுத்தையே அரியப் புகுந்தார். மன்னர் அவர் கையையும் வாளையும் பற்றித் தடுத்தார். அப்போது வானில் திருவருள் வாக்கு எழுந்தது. யானை எழுந்தது, பாகரும் எழுந்தனர், பூக்கூடையும் நிறைந்தது.

சேக்கிழார் பெருமான் அருளிய இவ்வரலாற்றை எறிபத்தரின் வன்றொண்டுக்கும் புகழ்ச்சோழரின் அடியார் பத்திக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்வது மரபு. அதனுள் நீதி ஒன்றும் பொதிந்துள்ளது. யானை செய்த பிழைக்கு யானையே பொறுப்பு என்று மன்னர் தப்பித்துக்கொள்ளவில்லை. பாகன்மேல் பழியைப் போட்டு ஒதுங்கவும் இல்லை. பட்டம் கட்டி, பழக்கி, மக்கள் நடமாடும் தெருவில் அதனை நடத்தியவன் எவனோ அவனே முதற் பொறுப்பாளி என்றார். இறைவன் எழுப்பியபோதும் அடியாரை மட்டும் தேற்றிவிட்டு நிற்கவில்லை. யானையையும் பாகரையும் சேர்த்தே எழுப்பினான். அந்த வழக்கில் யானையின் உயிரும் ஓர் உயிராகவே எண்ணப்பட்டது.

இனி நம் நாட்டு யானை வரலாற்றைச் சிறிது நோக்குவோம். திருப்பூர் மாவட்டத்தின் தென்னெல்லையில் உடுமலையும் திருமூர்த்தி மலையும் அமராவதி வனமும் ஆனைமலைத் தொடரின் அடியில் உள்ளன. பதிற்றுப்பத்துப் பேசும் சேரரின் உம்பற்காடு இம்மலைப் பகுதியே என்பது அறிஞர் பலர் கருத்து. உம்பல் என்றாலே யானை. ஆதலின், நாம் இங்குப் பஞ்சாலையும் பனியன் தொழிலும் காண்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்நிலம் யானையின் நிலமாக இருந்தது.

யானையைப் பழக்கும் கலையும் பழமையானதே. பாசறையில் நின்ற யானைகள் கரும்பும் நெற்கதிரும் கலந்த இனிய உணவை உண்ணாமல் நிற்க, இளம் பாகர் வடசொற்களைச் சொல்லிக் கவைமுள் கருவியால் குத்திக் கவளம் ஊட்டிய காட்சியை முல்லைப்பாட்டு காட்டுகிறது. சொல்லும் முள்ளும் சேர்ந்தே அன்றும் யானைக்கு ஆசானாக இருந்தன. சாணக்கியரின் பொருள்நூல் யானைப் படையை அரசின் வெற்றிக்கு அடிப்படையாகக் கொண்டது. அந்நூலும் கன்று, தந்தமற்றது, நோயுற்றது, கருவுற்றது, பாலூட்டுவது ஆகிய யானைகளைப் பிடிக்கலாகாது என்று விலக்கியது. படைக்கு யானை வேண்டிய அரசனுக்கே ஓர் எல்லை வகுக்கப்பட்டிருந்தது என்பது கருதத்தக்கது.

ஆங்கிலேயர் காலத்தில் ஆனைமலையின் தேக்கு மரங்கள் வெட்டப்பட்டன. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரித்துவிட்ட இடமே இன்று டாப்சிலிப் என்று வழங்குகிறது. அம்மரங்களை இழுத்தவை பழக்கப்பட்ட யானைகள். குழி வெட்டி மூடி, அதில் விழும் யானையைப் பிடிப்பது இப்பகுதி வழக்கம். 1873ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு காட்டு யானைகளைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. விடுதலைக்குப் பின் வந்த 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 1977 முதல் யானை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படுகிறது. மரம் இழுக்கும் வேலை நின்றபின், ஊருக்குள் வரும் காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் உதவும் கும்கிகளாக முகாம் யானைகள் மாறின. 1972இல் சத்தியமங்கலக் காட்டில் இளங்கன்றாகப் பிடிபட்ட கலீம் என்னும் யானை கோழிகமுத்தி முகாமில் வளர்ந்து, தொண்ணூற்றொன்பது பணிகளில் ஈடுபட்டு, 2023 மார்ச்சில் தன் அறுபதாம் வயதில் வனத்துறையின் அணிவகுப்பு மரியாதையுடன் ஓய்வு பெற்றது. உழைத்த உயிருக்கு ஓய்வு தந்த அச்செயல் பாராட்டத்தக்கது.

அன்பர்களே! யானைக்கு அறிவு உண்டு என்பதை நம் முன்னோர் ஆய்வுக்கூடம் சென்று அறியவில்லை. திருவானைக்காவில் யானை ஒன்று துதிக்கையால் நீரும் மலரும் கொணர்ந்து வெண்ணாவலின் கீழ் இருந்த பெருமானை வழிபட்டது. அதற்கு அவ்வழிபாட்டைக் கற்பித்த பாகன் எவன்? அங்கு அங்குசம் இல்லை. அப்பர் பெருமானை மிதித்துக் கொல்லும்படி பல்லவ மன்னன் ஏவிய யானையோ கொல்லவே பழக்கப்பட்டது. ஆயினும் அது பெருமானை வலம் வந்து வணங்கியது. வற்புறுத்திய பாகர்மேலேயே திரும்பியது. மனிதன் புகட்டிய பாடத்துக்கு அப்பாலும் யானைக்குத் தன் உள்ளம் ஒன்று உண்டு என்பதை இவ்விரு வரலாறுகளும் உணர்த்துகின்றன.

இக்கால அறிவியலாரும் ஆய்ந்து இதே திசைக்கு வந்துள்ளனர். 1984இல் கேட்டி பெயின் என்னும் அம்மையார், மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் யானைகள் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று கண்டார். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நியூயார்க்கு நகரின் பிராங்ஸ் விலங்குச் சாலையில், ஹாப்பி என்ற ஆசிய யானையின் நெற்றியில் ஒரு குறியிட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினர். அது கண்ணாடியைத் தடவாமல் தன் நெற்றிக் குறியையே துதிக்கையால் தடவியது. அங்குத் தெரிவது தானே என்று அது அறிந்திருந்தது. தாய்லாந்தில் நடந்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரு யானைகள் ஒரே நேரத்தில் கயிற்றின் இரு முனைகளையும் இழுத்தால்தான் உணவு கிட்டும் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. முன்னே வந்த யானை, தோழன் வரும்வரை கயிற்றைத் தொடாமல் காத்திருந்தது. வட வங்காளத்துத் தேயிலைத் தோட்டங்களில் இறந்த கன்றுகளை யானைக் கூட்டங்கள் வாய்க்கால்களில் மண்ணிட்டு மூடியதை 2024இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்துள்ளது. தன்னை அறியும் உயிர், தோழனுக்குக் காத்திருக்கும் உயிர், இறந்த கன்றுக்கு மண்ணிடும் உயிர்! இதனைக் கட்டிவைத்து ஆட்டுவிக்கும்போது நாம் கையாள்வது ஒரு பொம்மையை அன்று.

இந்த உண்மையை நம் மாவட்டமே கண்கூடாகக் கண்டது. கோவைக்கு மேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் உலாவிய ஓர் ஆண் யானைக்கு மக்கள் சின்னத்தம்பி என்று பெயரிட்டிருந்தனர். அது பயிரை உண்டதால் உழவர்கள் துயருற்றனர். ஊரார் பலர் அதன்மேல் அன்பும் வைத்திருந்தனர். 2019 ஜனவரியில் வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி, கும்கிகளின் துணையோடு அதனை லாரியில் ஏற்றி, டாப்சிலிப் காட்டில் விட்டனர். கழுத்தில் இருப்பிடம் காட்டும் பட்டையும் கட்டினர். சில நாளில் அது மலையிறங்கியது. பொள்ளாச்சிப் பக்கம் வந்து, உடுமலை கடந்து, மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை அடுத்த கரும்பு வயல்களில் தங்கியது. காட்டுக்குத் திருப்பக் கும்கிகள் வந்தன. சின்னத்தம்பி அவற்றோடு போரிடவில்லை, நட்புக் கொண்டாடியது. அதனைக் காணத் திரள் திரளாக மக்கள் சென்றனர். உயர் நீதிமன்றத்தின் ஆணையைப் பெற்று, பிப்ரவரி 15ஆம் நாள் அது மீண்டும் பிடிக்கப்பட்டு வரகளியாறு முகாமின் மரக்கூண்டில் அடைக்கப்பட்டது. சில மாதங்கள் அங்கிருந்து பாகரின் சொல்லுக்கு அடங்கப் பழகியது. பின்னர் அதுவே கும்கியாகி, தன்னைப் போன்ற வேறு காட்டு யானைகளை விரட்டும் பணியில் நிறுத்தப்பட்டது.

இவ்வரலாற்றில் குற்றவாளி யார்? கரும்பை இழந்த உழவரைக் குறை கூறுதல் தகாது. ஆண்டு முழுதும் பாடுபட்ட விளைச்சல் ஓரிரவில் அழிந்தால் அவர் குடும்பம் எதை உண்ணும்? வனத்துறையினரும் உயிரைப் பணயம் வைத்தே அப்பணியைச் செய்கின்றனர். யானையையும் குறை கூற இயலாது. அவிநாசியில் மதலையை விழுங்கிய முதலையைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் தண்டிக்கவில்லை. பதிகம் பாடி மதலையை மீட்டார். முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. உண்பது அதற்கு இயல்பு. காட்டின் விளிம்பில் வயலும் வீடும் சூளையும் சாலையும் பெருக்கிக்கொண்டவர்கள் நாம். சின்னத்தம்பி கூண்டுக்குள் சென்றது நம் எல்லோருக்குமாக என்பதை உணர வேண்டும். புகழ்ச்சோழர் இன்றிருந்தால் அந்தக் கூண்டின் முன் தம்மை அல்லவோ நிறுத்திக் கேட்டிருப்பார்?

காட்டு யானையின் நிலை இது. கோயில் யானையின் நிலையோ நம் கண்ணெதிரே உள்ளது. யானை கூட்டத்தோடு வாழ்வது. தாயும் பாட்டியும் வழிகாட்டக் கன்று வளர்வது. நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோவுக்கு மேல் பசுந்தீனி தின்று நெடுந்தூரம் நடப்பது. அத்தகைய உயிர் கருங்கல் தரையில், காலில் சங்கிலியோடு, தன் இனத்தின் முகமே காணாமல் பல்லாண்டு நின்றால் பாதம் புண்படும், உள்ளமும் புண்படும். முதுமலைக் காட்டில் தாயை இழந்து மீட்கப்பட்ட மசினி என்னும் பெண் யானை, சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கு வழங்கப்பட்டது. 2018 மே மாதம் கோயிலுக்குள்ளேயே தன் பாகரை மிதித்துக் கொன்றது. நீதிமன்ற ஆணைப்படி முதுமலைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 2023இல் அங்கும் ஒரு பாகரின் உயிர் அதனால் போயிற்று. திருச்செந்தூரில் 2024 நவம்பரில் தெய்வானை என்ற யானையால் பாகரும் அவர் உறவினரும் மாண்டனர். அதன்பின் அந்த யானை உணவு கொள்ளாமல் வாடி நின்றது என்று செய்தி வந்தது. இவற்றில் இறந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். யானையோடு உண்டு, யானையோடு உறங்கி, குறைந்த ஊதியத்தில் வாழ்நாளைக் கழித்த எளிய தொழிலாளர்கள். யானையின் துயரும் பாகரின் துயரும் ஒரே சங்கிலியின் இரு முனைகள்.

பாகர் அனைவரும் அடிப்பவர் என்பதும் பொய். வெல்லமும் கரும்பும் தந்து, இன்சொல் சொல்லி, தம் மக்களைப் போல் பேணும் பாகர் பலர் உளர். ஆனால் அச்சத்தால் கற்பித்த பாடத்துக்கும் அன்பால் கற்பித்த பாடத்துக்கும் வேறுபாடு காண்பவர் நம்முள் யார்? மவுத்தார்கன் ஊதும் யானையையும், மண்டியிடும் யானையையும் கண்டு கைதட்டும் நாம், அதன் செவியோரத்துத் தழும்பைப் பார்ப்பதில்லை. நம் கைதட்டலே சில இடங்களில் அங்குசத்துக்கு வேலை தருகிறது. மருந்து புகட்டவும், காலைத் தூக்கிப் புண் ஆற்றவும், கூட்டத்தில் அமைதியாக நிற்கவும் யானையைப் பழக்குவது அதன் நன்மைக்கு. வேடிக்கைக்காகப் பழக்குவது நம் பொழுதுபோக்குக்கு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இத்துறையில் அறத்தின் முதற்படி.

'யானை இல்லாமல் கோயிலா? ஆகமமும் மரபும் என்னாகும்?' என்று அன்பர் சிலர் கேட்கலாம். கேள்வி நேரியது. யானை முன் நடப்பதும், கசபூசை செய்வதும் மரபே. மரபு யானையைப் பூசிக்கச் சொல்கிறது; பிச்சை எடுக்க விடச் சொல்லவில்லை. கோச்செங்கட்சோழ நாயனார் யானை ஏற முடியாத மாடக்கோயில்கள் பல எடுப்பித்தார். அங்கு வழிபாட்டின் பெருமை எள்ளளவும் குறைந்ததில்லை. யானைமுகப் பெருமான் ஒவ்வொரு சன்னதியின் வாயிலிலும் வீற்றிருக்கிறார். ஆகவே யானை இல்லாத கோயிலே நம் நாட்டில் இல்லை எனலாம்.

அரசும் நீதிமன்றமும் இவ்வழியில் சில அடிகள் எடுத்து வைத்துள்ளன. 2003 முதல் கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் தொடங்கப்பட்டு, முதலில் முதுமலையிலும், பின்னர் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையிலும் நடத்தப்பட்டது. தனித்து நின்ற யானைகள் அங்குத் தம் இனத்தைக் கண்டு, ஆற்றில் புரண்டு மகிழ்ந்தன. 2021ஆம் ஆண்டு முகாமில் ஒரு யானையைப் பாகர் அடித்த காட்சி வெளிவந்து நாடு வருந்தியதும் உண்மை. 2011இல் தமிழ்நாடு அரசு வளர்ப்பு யானைகளின் உணவு, நடை, கொட்டில், மருத்துவம் ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்தது. 2023 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்கள் இனிப் புதிதாக யானை சேர்க்கலாகாது என்று அறிவுறுத்துமாறு பணித்தது. அதே மாதம் கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துக் கிருஷ்ணன் கோயில் ஒன்றில், உயிருள்ள யானைக்குப் பதிலாக இயந்திர யானை திருவிழாவில் தலையாட்டி நின்றது. தலையாட்டுவதும் துதிக்கை தூக்குவதும் மட்டுமே நமக்கு வேண்டுமானால், அதற்கு இயந்திரமே போதும் என்பதை அது காட்டிவிட்டது.

திருப்பூர் அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரவும் பகலும் இயந்திரம் ஓடும் ஊர் இது. ஓடுகின்ற இயந்திரத்தையும் நிறுத்தி எண்ணெய் இட வேண்டும் என்று அறிந்தவர்கள் நீங்கள். தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் அமர்ந்தவரின் முதுகு வலியும், வார ஓய்வுக்காக அவர் காத்திருக்கும் ஏக்கமும் உங்களுக்குத் தெரியும். சொல்லத் தெரிந்த மனிதனுக்கே ஓய்வு கேட்டுப் பெறுதல் அரிதாயிருக்கையில், சொல்லத் தெரியாத உயிரின் ஓய்வை யார் கேட்பது? அதன்முன் கைகூப்பி நிற்கும் நாமன்றோ கேட்க வேண்டும்?

ஆதலின் அன்பர்கள் செய்யத்தக்கவை சில உள. யானையின் துதிக்கையில் காசு வைத்து வாழ்த்துக் கேட்பதை விட்டு, அக்காசைக் கோயிலின் தீவனக் கணக்கில் செலுத்துங்கள். யானையை வேடிக்கை காட்டச் சொல்லிப் பாகரை வற்புறுத்தாதீர்கள். பட்டாசும் ஒலிபெருக்கியும் அதன் அருகே வேண்டாம். கோயிலில் யானை இருந்தால், அதற்கு மண் தரையும் நிழலும் நீராடும் குளமும் நாள்தோறும் நடையும் உண்டா என்று நிருவாகத்தாரிடம் பணிவோடு கேளுங்கள். பாகருக்குத் தக்க ஊதியமும் மாற்றுப் பாகரும் உண்டா என்றும் கேளுங்கள். கன்று ஒன்றை வாங்கிக் கோயிலுக்குக் காணிக்கை தரலாம் என்று எண்ணும் செல்வர் எவரேனும் இருப்பின், அக்கன்றைத் தாயிடமிருந்து பிரித்து இறைவனுக்குத் தரும் காணிக்கையை இறைவன் ஏற்பானா என்று எண்ணிப் பாருங்கள். திருமூர்த்தி மலைக்கும் அமராவதிக்கும் செல்வோர் காட்டின் வழித்தடத்தில் நெகிழிப் பையும் உணவு மிச்சமும் எறியாமல் வருவதும் ஒரு சிவத்தொண்டே.

கருவூரில் புகழ்ச்சோழர் நீட்டிய வாள் நம் கையிலும் உள்ளது. அவர் அதனை யானையின் பக்கம் திருப்பவில்லை. பாகரின் பக்கமும் திருப்பவில்லை. உடையவன் நான், பொறுப்பும் எனதே என்று தம் பக்கம் திருப்பினார். அந்தச் சொல்லைக் கேட்ட பின்புதான் ஆனிலைப் பெருமான் பட்டவர்த்தனத்தை எழுப்பினான். யானையைப் பிடித்தவரும் பழக்கியவரும் கட்டியவரும் கண்டு களித்தவரும் ஆகிய நாம், பொறுப்பு எமதே என்று ஏற்கும் நாளில், கல்தரையில் கால் மாற்றி நிற்கும் உயிர்களுக்கும் அவ்வருள் கிட்டும்.

திருச்சிற்றம்பலம்.